‘கார்டை சேவ் பண்ணி வெச்சது நீதானே!’

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) வீட்டின் முன்னறையில் தையல் கடை, ஆரி வேலை, ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். உதவிக்கு ஒரு பெண் வருகிறார். கணவருக்குப் புதுச்சேரியில் தனியார் கம்பெனி வேலை. கணவரின் கிரெடிட் கார்டுக்கு ஆட்-ஆன் கார்டு ஒன்று வாங்கி இவர் பயன்படுத்துகிறார். லிமிட் ஒன்றரை லட்சம். துணியும் ஜரிகையும் வாங்கும் இரண்டு ஆப், சாப்பாடு வரவழைக்கும் ஆப், ஆப் ஸ்டோர், எம்பிராய்டரி டிசைன் விற்கும் ஒரு வெளிநாட்டு இணையதளம் என ஐந்து இடங்களில் அந்தக் கார்டைச் சேமித்து வைத்திருக்கிறார்.

ஒரு புதன்கிழமை 86 ரூபாய் போனதாக மெசேஜ். ஏதோ ஆப் பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை அதிகாலை 2 மணிக்கு, கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுக் கடையின் பெயரில் 11,840 ரூபாய். ஓடிபி எதுவும் வரவில்லை. காலையில் எழுந்து பார்த்ததும் கஸ்டமர் கேரை அழைத்துக் கார்டை பிளாக் செய்துவிட்டார். சனிக்கிழமை ‘கார்டு டிபார்ட்மென்ட்’ என்று ஒருவர் அழைத்து, பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓர் ஆப்பை இறக்குங்கள் என்றிருக்கிறார். கார்டின் கடைசி நான்கு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, பயம் வந்து போனை வைத்துவிட்டார். திங்கள்கிழமை கணவரோடு புதுச்சேரியில் உள்ள வங்கிக் கிளைக்குப் போனால், “ஓடிபி இல்லாமல் பணம் போகவே போகாதும்மா, யாருக்காவது சொல்லியிருப்பீங்க” என்று பதில்.

அவர் கேட்பது இது: “கார்டை சேவ் பண்ணி வெச்சது நீதானே என்று வீட்டில் தினமும் பேச்சு. தப்பு என்னுடையதா? பணம் திரும்ப வருமா? எல்லா ஆப்பிலும் கார்டை அழித்துவிடவா? கணவர் கார்டையே கேன்சல் செய்யச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, இனிமேல் டெபிட் கார்டு மட்டும் வைத்துக்கொள் என்கிறார். புகாரைக் கடலூரில் கொடுப்பதா, புதுச்சேரியில் கொடுப்பதா என்றும் தெரியவில்லை.”

உங்கள் கடிதம் திங்கள் இரவு மின்னஞ்சலில் வந்தது. இந்தப் பதில் வெளிவரும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்பதால், மறுநாள் காலையே உங்களுக்கு இரண்டு வரி எழுதினேன்: இன்றைக்கே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணை அழையுங்கள் என்று. அன்று மதியமே இரண்டையும் செய்துவிட்டதாகப் பதில் போட்டிருந்தீர்கள். நல்லது. ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

மூன்று வேலை நாள்

வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனையில் நஷ்டம் யாருடையது என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி சுற்றறிக்கையில் வகுத்திருக்கிறது. கிரெடிட் கார்டும் இதில் அடக்கம். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்றால், மெசேஜ் வந்த நாளிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் நீங்கள் ஏற்க வேண்டும். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கி தனக்கென வைத்திருக்கும் கொள்கைப்படி.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மெசேஜ் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆகவே வெள்ளி கிடையாது. அந்த வாரம் இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. ஞாயிறும் கிடையாது. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள். நீங்கள் செவ்வாய் மதியம் மின்னஞ்சல் அனுப்பியதால் 11,840 ரூபாய் விஷயத்தில் கெடுவுக்குள் இருக்கிறீர்கள். வியாழன் வரை தள்ளியிருந்தால், வழக்கில் முழுதாக ஜெயித்தாலும் 1,840 ரூபாய்தான் கைக்கு வந்திருக்கலாம்.

அந்த 86 ரூபாய்க்கு மட்டும் கெடு திங்களோடு முடிந்துவிட்டது. கறாராகப் பார்த்தால் அதில் ஒரு நாள் தாமதம். போனால் 86 ரூபாய். ஆனாலும் அதைப் புகாரில் கட்டாயம் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அன்றைய கணக்கில் அது சுமார் ஒரு டாலர். திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று சின்னத் தொகை போட்டுச் சோதித்துவிட்டுப் பிறகு பெரிய தொகைக்குப் போவது இந்த ஆசாமிகளின் வழக்கம். இரண்டும் ஒரே கையின் வேலை என்று காட்டினால், நீங்கள் யாருக்கோ ஓடிபி சொன்னீர்கள் என்ற கதை நிற்காது.

வெள்ளி காலையில் நீங்கள் கஸ்டமர் கேரை அழைத்தீர்களே, அதுவும் வீண் போகவில்லை. ஆனால் ஒன்று: கார்டை பிளாக் செய்வது வேறு, ‘இந்தப் பரிவர்த்தனை என்னுடையதல்ல’ என்று புகார் பதிவது வேறு. பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வங்கி ஊழியரும் எடுத்துச் சொல்வதில்லை. பிளாக் ஆனதாக வந்த மெசேஜையும் அந்த அழைப்பின் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். திங்கள்கிழமை கிளையில் வாயால் சொன்னதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. அதை நம்ப வேண்டாம்.

இன்னொரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. ஆட்-ஆன் கார்டுக்கான பொறுப்பு முழுவதும் மூலக் கார்டுதாரருடையது, அதாவது உங்கள் கணவருடையது. எனவே புகார் அவர் பெயரில், வங்கியில் பதிவான அவரது மின்னஞ்சலிலிருந்தும் போக வேண்டும். உங்கள் மின்னஞ்சலை அவர் தன் முகவரியிலிருந்து இன்னொரு முறை அனுப்பி, ‘இதை என் புகாராகவும் கொள்ளவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உங்களைக் குறை சொல்லும் நேரத்தில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

“ஓடிபி இல்லாமல் போகாது” என்பது பாதி உண்மை

கிளையில் அப்படிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. உள்நாட்டுக் கடைகளை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். இந்தியாவுக்குள் ஆன்லைனில் கார்டு போட்டால் இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்பது 2009-லிருந்தே நடைமுறை. வெளிநாட்டுக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கார்டு எண், காலாவதித் தேதி, சில இடங்களில் சிவிவி (கார்டின் பின்பக்கமுள்ள மூன்று இலக்க எண்). இவ்வளவு இருந்தால் பணம் எடுத்துவிடலாம். சிவிவிகூடக் கேட்காத கடைகளும் உண்டு.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஓடிபி சரிபார்ப்பு இல்லாமல் ஒரு கடை பணத்தை ஏற்றுக்கொண்டு, பிறகு அது மோசடி என்று தெரிந்தால், விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குகளின் விதிப்படி நஷ்டம் பொதுவாக அந்தக் கடைப் பக்கம்தான் விழும். உங்கள் வங்கி அந்த வழியில் ‘சார்ஜ்பேக்’ கேட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். அதற்கும் கெடு உண்டு. அதையும் வங்கிதான் தாண்டவிடாமல் பார்க்க வேண்டும். எனவே அடுத்த மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்: ‘இந்தப் பரிவர்த்தனை எந்த நாட்டுக் கடையில் நடந்தது? ஓடிபி அல்லது வேறு சரிபார்ப்பு நடந்ததா? நடந்தது என்றால் அதன் பதிவைத் தரவும். சார்ஜ்பேக் எந்தத் தேதியில் எழுப்பப்பட்டது?’ தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கே என்று அதே 2017 சுற்றறிக்கை சொல்கிறது. ‘சொல்லியிருப்பீங்க’ என்ற யூகம் நிரூபணம் ஆகாது.

தப்பு உங்களுடையதா?

சேமித்தது தப்பில்லை. எங்கே சேமித்தீர்கள் என்பதில்தான் கவனம் போதவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் உங்கள் வீட்டில் சண்டை.

2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் எந்தக் கடையும், எந்த ஆப்பும், இடையில் பணம் வாங்கித் தரும் நிறுவனமும் உங்கள் கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது. கார்டு வழங்கிய வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். கடையிடம் இருப்பது கடைசி நான்கு எண்ணும் வங்கியின் பெயரும், எண்ணுக்குப் பதிலாக ஒரு டோக்கனும். திருவந்திபுரம் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்குகிறோமே, அந்த டோக்கன் மாதிரி. அந்த ஸ்டாண்டில்தான் செல்லும். அதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடையில் எதுவும் வாங்க முடியாது. உங்கள் துணி ஆப்பை யாராவது உடைத்துத் தகவலை அள்ளிப்போனாலும், அந்த டோக்கனை வைத்து வெளிநாட்டில் 11,840 ரூபாய்க்குச் சாமான் வாங்க வழியில்லை.

வெளிநாட்டு டிசைன் தளம் இந்த விதிக்குள் வராது. அங்கே நீங்கள் ‘சேவ்’ கொடுத்தபோது முழு எண்ணும் தேதியும் அவர்களிடம் போயிருக்கிறது. சிவிவியைச் சேமிக்கக் கூடாது என்பது உலகம் முழுக்கக் கார்டு நெட்வொர்க்குகளின் விதி. ஆனால் சின்னத் தளங்களின் பணம் கட்டும் பக்கத்திலேயே திருட்டு நிரலைச் செருகி, நீங்கள் தட்டச்சு செய்யும்போதே எண்ணையும் சிவிவியையும் அள்ளுகிற கும்பல்கள் இருக்கின்றன. அந்தத் தளம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

இரண்டாவது சந்தேகம் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்களே எழுதிய ஒரு வரியின் மேல்: “மகனின் இன்ஜினீயரிங் கவுன்சிலிங் விண்ணப்பத்தை நெட் சென்டரில் என் மெயில் ஐடியில் போட்டோம்.” ஆப்பில் சேமிப்பது வேறு, பிரவுசரில் சேமிப்பது வேறு. ‘இந்தக் கார்டை நினைவில் வைக்கவா?’ என்று பிரவுசர் கேட்டு நீங்கள் சரி என்றால், அங்கே இருப்பது டோக்கன் இல்லை, முழு எண். அதே கணக்கில் வேறொரு கம்ப்யூட்டரில் பிரவுசருக்குள் நுழைந்து ஒத்திசைவை (சிங்க்) இயக்கினால், சேமித்த பாஸ்வேர்டும் கார்டும் அங்கேயும் எட்டிப் பார்க்கலாம். நெட் சென்டர்க்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காருகிறவரைப் பற்றி என்ன தெரியும்? இன்றே உங்கள் மெயில் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், எந்தெந்தக் கருவியில் உள்ளே இருக்கிறீர்கள் என்று பார்த்து, உங்களுடையது அல்லாததையெல்லாம் வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

மூன்றாவது, கார்டின் முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் கணவருக்கு அனுப்பினேன் என்கிறீர்கள். ஐந்து ஆப்பில் சேமித்ததைவிட இதுதான் எனக்குக் கவலை. அந்தப் படம் உங்கள் கேலரியில், அவர் கேலரியில், தானாகச் சேமிக்கும் கிளவுட் கணக்கில் என எத்தனை இடத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேலைக்கு வரும் பெண்ணிடம் டிசைன் காட்டப் போனைக் கொடுக்கிறீர்கள். அவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை, அவருக்கும் அந்தத் தர்மசங்கடம் வேண்டாமே என்கிறேன். படத்தை இரண்டு போனிலும், அழித்த படங்கள் போய்ச் சேரும் தொட்டியிலும் அழித்துவிடுங்கள். புதுக் கார்டு வந்ததும் மறுபடி படமெடுக்காதீர்கள்.

இதை வங்கிக்குச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். வாடிக்கையாளரே கார்டு விவரத்தைப் பகிர்ந்து, அந்த அலட்சியத்தால் நஷ்டம் வந்தது என்றால், புகார் செய்யும்வரையிலான நஷ்டம் வாடிக்கையாளருக்கே என்பது விதி. மூலக் கார்டுதாரரான கணவருக்கு அனுப்பியதை அப்படிப்பட்ட பகிர்வாகக் கொள்ள முடியாது என்பது என் வாதம். தளத்தில் சேமித்ததும் அப்படியே. கேட்காத கேள்விக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் நல்ல வழக்கும் கெட்டுவிடும்.

சனிக்கிழமை வந்த அழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி நான்கு எண் ரகசியமே இல்லை, ஒவ்வொரு பில்லிலும் இருக்கிறது. நீங்கள் போனை வைத்தது சரியான நேரத்தில். அந்த ஆப்பை இறக்கியிருந்தால் உங்கள் திரை முழுதும் அவருக்குத் தெரிந்திருக்கும், வரும் ஓடிபி உட்பட. அந்த எண்ணையும் சைபர் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் அழித்துவிடவா?

வேண்டாம். இங்கே நான் பலரோடு முரண்படுகிறேன். ‘எங்கேயும் சேமிக்காதே, ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டு’ என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை எண்ணைத் தட்டும்போதும், நீங்கள் இருப்பது உண்மையான தளமா, அதே மாதிரி வேஷம் போட்ட போலித் தளமா என்ற ஆபத்து புதிதாக வருகிறது. தீபாவளி நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் ‘90 சதவீதத் தள்ளுபடி’ இணைப்புகள் எல்லாம் அந்த ரகம். உங்கள் கார்டு ஏற்கெனவே டோக்கனாக இருக்கும் கடையில் கடைசி நான்கு எண் கண்ணுக்குத் தெரியும். போலித் தளத்துக்கு அது தெரியாது. முழு எண்ணையும் கேட்கும். வழக்கமாக வாங்கும் கடை திடீரென்று புதிதாகக் கார்டு எண் கேட்டால் அங்கேயே நின்றுவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே, அடிக்கடி வாங்கும் உள்நாட்டுக் கடை ஒன்றிரண்டில் சேமித்து வைத்திருப்பதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

உள்நாட்டு ஆப்பிலும் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே ஆபத்து எண் திருடு போவதில் இல்லை, உங்கள் கணக்குக்குள் வேறு ஆள் நுழைவதில் இருக்கிறது. பணம் கட்ட ஓடிபி வேண்டும்தான். ஆனால் ஆப்பும் அதே போனில், ஓடிபி வரும் மெசேஜும் அதே போனில். போன் லாக் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றால் ஓடிபி ஒரு காவலே இல்லை. லாக் திரையில் மெசேஜ் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். ஆப்பின் வாலட்டில் கிடக்கும் பணத்துக்கும் கிஃப்ட் கார்டு பாக்கிக்கும் பெரும்பாலும் ஓடிபி கேட்பதில்லை; அங்கே ஆயிரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். மாதாமாதம் தானாகப் பிடிக்கும் சந்தாக்களில் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு மட்டும் வரும். ஆப் ஸ்டோரில் மகன் விளையாட்டுக்காகப் போட்ட சந்தா ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த 86 ரூபாயை ‘ஏதோ ஆப்’ என்று நீங்கள் விட்டதற்குக் காரணமே, என்னென்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான்.

வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ, உங்கள் கார்டு எந்தெந்தக் கடையில் டோக்கனாக இருக்கிறது என்று காட்டும் பகுதி இருக்கும். அந்தப் பட்டியலைக் காட்டுவதும், வேண்டாததை நீக்க வசதி தருவதும் வங்கியின் கடமை. ஐந்து என்கிறீர்கள்; அங்கே போய்ப் பார்த்தால் நீங்கள் மறந்துபோன பெயர்களும் இருக்கலாம். புதுக் கார்டு வரும்போது, பழைய கடைகளோடு மறுபடி இணைக்க வங்கி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அப்போது எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டிவிடாதீர்கள்.

வெளிநாட்டு ஸ்விட்ச்

உங்கள் தொழிலுக்கு அந்த டிசைன் தளம் வேண்டும், அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே சேமிக்க வேண்டாம். ஏற்கெனவே சேமித்ததை நீக்குங்கள், பழைய கார்டு செத்துப்போனாலும் சரி. அப்புறம், வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குள் போனால் ‘சர்வதேசப் பயன்பாடு’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். உள்நாடு, வெளிநாடு, ஆன்லைன், தட்டிப் பணம் கட்டுவது என ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆன், ஆஃப் செய்யவும், தொகை வரம்பு வைக்கவும் 24 மணி நேரமும் வசதி இருக்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. புதுக் கார்டில் ஆன்லைன் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் மூடியே வர வேண்டும். நாம்தான் எப்போதோ ஒருமுறை திறந்துவிட்டு மூட மறந்துவிடுகிறோம். டிசைன் வாங்கும் அன்று திறந்து, வரம்பை இரண்டாயிரம் என்று வைத்து, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். அது மூடியிருந்திருந்தால் அந்த வெள்ளி அதிகாலை உங்களுக்கு வந்திருப்பது ‘பரிவர்த்தனை மறுக்கப்பட்டது’ என்ற மெசேஜ். ஆட்-ஆன் கார்டின் ஸ்விட்ச் கணவரின் ஆப்பில்தான் தெரியும் என்றால் அவரையே செய்யச் சொல்லுங்கள்.

கார்டை கேன்சல் செய்வதும் டெபிட் கார்டுக்கு மாறுவதும்

கேன்சல் இப்போது வேண்டாம். கணக்கை மூடும் முன் பாக்கி முழுவதையும் கட்டச் சொல்வார்கள், சர்ச்சையில் உள்ள தொகையும் அதில் வந்து நிற்கும். முதலில் இந்த விவகாரம் முடியட்டும். எண் மாறிய புதுக் கார்டு வந்துவிட்டால் பழைய எண்ணால் ஆபத்து இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வது பலரும் நம்புவதுதான், ஆனால் தலைகீழ். டெபிட் கார்டில் திருடு போனால் போவது உங்கள் சேமிப்பு. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்திருந்த பணம் அன்றைக்கே காலி. கிரெடிட் கார்டில் போனது முதலில் வங்கியின் பணம். பில் வரும்வரை வாதாட உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆன்லைனுக்கு, அதிலும் வெளிநாட்டுத் தளத்துக்கு, கிரெடிட் கார்டே மேல்.

பில்லைப் பற்றிப் பலர் செய்யும் தவறு, கோபத்தில் எதையுமே கட்டாமல் விடுவது. அப்படிச் செய்தால் நீங்கள் உண்மையிலேயே வாங்கிய சாமான்களுக்கும் வட்டி ஏறும், கிரெடிட் ஸ்கோரும் அடிபடும். சர்ச்சைத் தொகை போக மீதி முழுவதையும் கெடுவுக்குள் கட்டிவிட்டு, அதை வங்கிக்கு எழுதித் தெரிவியுங்கள். மோசடி என்று நீங்கள் புகார் செய்த தொகைக்கு, அது தீரும்வரை எந்தக் கட்டணமும் போடக் கூடாது என்று கிரெடிட் கார்டுகளுக்கான 2022-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். அது தற்காலிகம்தான், வந்துவிட்டது என்று புகாரை மறந்துவிடாதீர்கள். 90 நாளுக்குள் இறுதி முடிவு சொல்ல வேண்டும்.

கடலூரா, புதுச்சேரியா?

கிளை புதுச்சேரியில் இருப்பதால் அங்கேதான் போக வேண்டும் என்று யாரோ சொன்னதை விட்டுவிடுங்கள். 1930-ம் தேசிய சைபர் குற்றப் புகார் தளமும் மாநில எல்லை பார்ப்பதில்லை. இணையதளத்தில் புகார் போடும்போது உங்கள் மாவட்டம் கடலூர் என்று கொடுங்கள். உங்கள் மாவட்ட சைபர் போலீசுக்கு அது வரும். நேரில் போனால், சம்பவம் எங்கே நடந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். குற்றவாளியைப் பிடிப்பார்களா? வெளிநாட்டுக் கடை, யாரோ ஒருவன். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் வங்கியிடம் பேச அந்தப் புகார் எண் கையில் இருக்க வேண்டும்.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது மறுபடி ‘ஓடிபி சொல்லியிருப்பீங்க’ என்று எழுதினால், அடுத்தது ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம். அங்கே வக்கீல் மூலம் புகார் கொடுக்க இடமில்லை, ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு அதில் வேலை இல்லை. நீங்களே எழுதலாம், அதுவும் நல்லதுதான். அதிலும் திருப்தி இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் அனுமதிப்பதால், கடலூரிலேயே போடலாம். புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டாம். அந்த நிலைக்கு வந்தால், செவ்வாய்க்கிழமை அனுப்பிய மின்னஞ்சல், பிளாக் ஆன மெசேஜ், இரண்டு பரிவர்த்தனையின் மெசேஜ், 1930 புகார் எண், வங்கியின் பதில் ஆகியவற்றின் நகல் தேவைப்படும். இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பத்தாவது வேலை நாளன்று ஸ்டேட்மென்டைத் திறந்து வரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அன்றே, 2017 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு உங்கள் கணவர் கையெழுத்தில் ஒரு கடிதம் போகட்டும்.